அண்ணாச்சியின் கண்ணும் போனின் கணக்கும்

எங்கள் வீட்டு முன்கட்டில் ஆச்சியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால், மாடியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ஆச்சி நல்ல கறுப்பு. உடன்குடிக் கருப்பட்டியை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். படத்தில் இருப்பவளோ பவுடர் அப்பினாற்போல் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். காதில் தொங்கும் பாம்படத்தை வைத்துத்தான் ஆச்சி என்று அடையாளம் சொல்ல முடியும். அவளை நேரில் பார்த்திராத என் பிள்ளைகள், “ஆச்சி நல்ல செவப்போ?” என்று கேட்கிறார்கள்.

ஆச்சியை வெளுக்க வைத்தது ஒரு பென்சில். நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தில் தீட்டுவார்கள். டச்சிங் என்று பெயர். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். சுருக்கம் மறையும், கண்ணடியில் விழுந்த கருவளையம் போகும், கூடவே ஆளும் போய்விடுவாள். அந்த ஸ்டுடியோ அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படம் வாங்க வந்த யாரும் “கறுப்பாவே இருக்கட்டும்” என்று சொன்னதில்லை.

வெளிச்சம் பார்ப்பதில் அந்த அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. எண்பதுகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கடைப் படியில்தான் கிடப்பேன். அவரிடம் இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா இருந்தது. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும். ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த ‘இந்து’ பிலிம், கிடைக்காவிட்டால் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ. வெளிச்சம் அளக்கும் மீட்டர் அவரிடம் இருந்ததாக ஞாபகமே இல்லை. தரையைத்தான் பார்ப்பார்.

“ஏல, நெழலப் பாரு. ஓரம் வெட்டுனாப்புல இருந்தா பதினாறு. மங்கலா இருந்தா பதினொண்ணு. நெழலே விழலன்னா அஞ்சு புள்ளி ஆறுக்குப் போயிரணும்.”

100 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு, லென்ஸ் துவாரம் எஃப் 16 என்பது உச்சி வெயில் கணக்கு. உலகம் முழுவதும் போட்டோ எடுக்கிறவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்குதான். அதைச் சித்திரை வெயிலுக்கும் ஆனி ஆடியில் பொதிகைப் பக்கமிருந்து மேகம் ஏறிவரும் வெளிச்சத்துக்கும் அவர் தனித்தனியாகத் திருத்தி வைத்திருந்தார். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நெல்லைக்குக் காற்றும் மேகமூட்டமும் மட்டும் வரும். ஆள் படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது என்பார். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தாலும், ஆனிச் சாரல் வரட்டும், வெளிப்படம் அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் தவணை சொன்னதுகூட உண்டு.

இருட்டறை வேலை அதைவிடப் பெரும்பாடு. பிலிம் கழுவும் மருந்துக்கு இருபது டிகிரி சூடு போதும். கோடையில் எங்கள் ஊர்க் குழாயில் வரும் தண்ணீர் கையைச் சுடும். சூடு ஏறினால் மருந்து அவசரமாக வேலை செய்யும், பிலிமின் பூச்சு இளகும். அதனால் ஐஸ் கட்டி வாங்கி, தட்டுக்கு அடியில் பெரிய தட்டு வைத்து அதில் உடைத்துப் போடுவார். பிரிண்ட் வேலையின்போது சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அந்த ஐஸ் ரத்தினக் கற்களாய்க் கிடக்கும். பிரிண்ட் போடும்போது முகம் கறுத்து விழும் என்று தெரிந்தால், எந்திரத்துக்கும் தாளுக்கும் நடுவே கையை நீட்டி, முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தை இரண்டு மூன்று நொடி மறைப்பார். விரலை அசைத்துக்கொண்டே மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கோடாக விழுந்துவிடும்.

இன்று என் சட்டைப் பையில் இருக்கும் போன் அந்த விரலசைவைப் படம் எடுக்கும்போதே செய்து முடிக்கிறது. எச்.டி.ஆர். என்று திரையில் எழுதியிருப்பது அதுதான். பொத்தானைத் தொட்டதும் பல படங்களை எடுத்து, ஒன்றிலிருந்து வானத்தையும் இன்னொன்றிலிருந்து முகத்தையும் சேர்த்துத் தருகிறது. இரவுக் காட்சிக்கும் இதே வித்தைதான். கையில் பிடித்தபடியே பல படம் எடுத்து அடுக்கி, புள்ளி புள்ளியாய் வரும் இரைச்சலைக் குறைக்கிறது. 2018இல் கூகுள் தன் போனில் நைட் சைட் கொண்டுவந்த பிறகு மற்ற போன்களிலும் இது பரவிவிட்டது. கண்டிப்பாகச் சொல்கிறேன், அண்ணாச்சி இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

ஆனால் போனுக்கு ஒன்று தெரியாது. எதிரில் நிற்பது யார், எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்று தெரியாது. எந்தக் கேமராவின் அளவுகோலும் காட்சியை ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். வெள்ளை வேட்டி கட்டிய நாலு பேரை வெயிலில் நிற்க வைத்தால், ரொம்ப வெளிச்சம் என்று நினைத்து எல்லாரையும் மங்க அடிக்கும். கறுத்த முகத்தைச் சட்டம் நிறைய வைத்தால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கருங்கல் தூண் சாம்பல் பூத்துப்போகும். இன்றைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து, காட்சியை ஊகித்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

குறுக்குத்துறையில் காலை ஏழு மணிக்குக் கிழக்குப் பார்த்து நின்றால் இது நன்றாக விளங்கும். ஆற்றுக்குள் முருகன் கோயில், தண்ணீர் முழுக்க வெயிலின் தகதகப்பு, படித்துறையில் குளித்து ஏறும் ஆட்கள். போனை நீட்டினால் ஆட்கள் நிழலுருவமாகவோ ஆறு வெள்ளைத் தாளாகவோ விழும். திரையில் முகத்தின் மேல் விரலை வையுங்கள். ஒரு சதுரமும் பக்கத்தில் சின்னச் சூரியனும் வரும். அப்படியே அழுத்திப் பிடித்தால் அந்த அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியனைக் கீழே இழுங்கள், தண்ணீரின் தகதகப்பில் அலைக்கோடு தெரியும்வரை. சில போன்களில் சூரியனுக்குப் பதில் கூட்டல் கழித்தல் போட்ட கோடு இருக்கும். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் இதைத் தொட்டதே கிடையாது. வாங்கின அன்றைக்கு இருந்த அமைப்பிலேயே வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே அன்றைய பாடம் அப்படியே தலைகீழாகிறது. நெகட்டிவ் பிலிமில் நிழலுக்கு அளவு வைக்கச் சொல்வார் அண்ணாச்சி. வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனாலும் பிலிம் தாங்கும், பிரிண்டில் இழுத்துக் கொண்டுவரலாம். நிழலில் விழாதது விழாததுதான். போனில் அப்படியில்லை. வெளுத்துப்போன வேட்டி மடிப்பையும் வானத்தையும் பிறகு எந்தத் திருத்தமும் மீட்காது. இருண்ட இடத்தைக் கொஞ்சம் தூக்கிவிடலாம். அதனால் இன்றைக்கு அளவு வைக்க வேண்டியது வெளிச்சத்துக்கு. இந்த ஒன்றைப் பழகிக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கை பழைய பாடத்தையே செய்யும்.

துவாரத்தைத் திருக இப்போது வழியில்லை. பெரும்பாலான போன்களில் அது நிலையானது. ப்ரோ மோடு என்று இருந்தால் ஷட்டர் வேகமும் ஐ.எஸ்.ஓ.வும் நம் கைக்கு வரும். ஐ.எஸ்.ஓ. வேறொன்றுமில்லை, ரோல் டப்பாவில் எழுதியிருந்த ஏ.எஸ்.ஏ.தான். அன்று ரோலை மாற்றினால்தான் அது மாறும். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் திரும்பும்போது, வடம் பிடிக்கிறவர்களின் கையும் தோளும் கலங்காமல் விழ ஷட்டர் நொடியில் 500இல் ஒரு பங்காவது வேண்டும். வெயிலில் அது எளிது. மேகம் போட்டால் ஐ.எஸ்.ஓ.வை நானூறுக்கு ஏற்றுகிறேன், கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். பாபநாசத்தில் அகத்தியர் அருவிக்கு நேர் எதிர். வெளிச்சம் நன்றாக மங்கியபின் போனைப் பாறையில் சாய்த்து வைத்து கால் நொடி திறந்தால் தண்ணீர் பட்டுத்துணிபோல் இறங்கும். கோயிலுக்குள் எடுப்பதைப் பற்றி எழுதவில்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது, அது எனக்கும் சம்மதமே. கோபுரம் வெளியே நிற்கிறது. கிழக்குப் பார்த்த கோபுரத்துக்குக் காலை வெயில் போதும், எந்த அமைப்பையும் தொட வேண்டாம்.

கூந்தன்குளத்துப் பறவைகளுக்கு மட்டும் போன் பற்றாது. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் வருவது நாரையின் சாயல்தான், இறகு வராது. ஆனால் அந்த ஊரில் வீட்டோரத்து மரத்திலேயே கூடு கட்டுகின்றன. அங்கே பொறுமையாக நின்றால் விரிக்காமலே எடுக்கலாம்.

கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்துப் படம் எடுத்தவர்கள் கவனித்திருப்பார்கள். கண்ணுக்குப் பொன்னாகத் தெரிந்த சுடர் வெளிச்சம் படத்தில் வெளிறிப்போகும். மஞ்சளைக் கண்டால் சரிசெய்துவிட வேண்டும் என்பது போனின் புத்தி. வெண்மைச் சமன் என்ற அமைப்பைத் தானியங்கியிலிருந்து எடுத்து 5000 கெல்வினில் நிறுத்தினால் எண்ணெய் விளக்கின் நிறம் நிற்கும். சுடர் இரண்டாயிரம் கெல்வினை ஒட்டியது. போனை நடுப்பகல் என்று நம்ப வைத்தால்தான் அது சுடரைச் சுடராக விட்டுவைக்கும்.

நிறத்துக்கு மறுபடி வருகிறேன், மனசு அங்கேதான் கிடக்கிறது. கலர் பிலிம் வந்தபோது கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எந்திரம் சரி. அந்த அளவுக்கு வைத்த கணக்கில் நம் முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய இருண்டு விழுந்தன. கறுத்த தோல்களையும் சேர்த்த அட்டைகள் பரவத் தொண்ணூறுகள் ஆயின. 2021இல் கூகுள், கறுத்த தோல் உள்ளபடி விழ வேண்டும் என்று ரியல் டோன் என ஒன்றைக் கொண்டுவந்தது. இத்தனை காலம் கழித்து வந்தாலும் நல்ல காரியம்.

அதே சமயம், என் தங்கை மகள் கல்யாணத்தில் எடுத்த படங்களைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. பாளையங்கோட்டையில் மண்டபம். கடையில் புதிதாக வாங்கிய போன். யாரும் எதையும் மாற்றவில்லை. அழகூட்டும் அமைப்பு பெட்டியிலிருந்து வரும்போதே போட்டு வைக்கப்பட்டிருந்தது. பெண்ணின் கன்னத்தில் சின்ன வயசில் விழுந்த அம்மைத் தழும்பு இல்லை. மாமன்மார் எல்லாரும் ஒரே மாவில் பிசைந்த முகத்தோடு நின்றார்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு, அவள் சடையில் தொங்கிய மல்லிகைச் சரத்தின் ஓரத்துப் பூக்களைப் பின்னணி என்று எண்ணித் தின்றுவிட்டது. அண்ணாச்சி பென்சில் தீட்ட அரை நாள் உட்கார வேண்டும். இது கண் மூடித் திறக்கும் முன்னால், கேட்காமலே நடக்கிறது. யார் வீட்டுப் புதுப் போனையும் கையில் வாங்கினால் நான் முதலில் தேடி அணைப்பது அந்த அமைப்பைத்தான்.

ஒன்றில் போனுக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். 1992 நவம்பர் வெள்ளத்தின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கேமரா நனைந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினோம். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஒவ்வொரு தெருவும் பதிவாயிற்று. கோடு தெரியும்படி, சுவரோடும் படியோடும் தண்ணீர் மட்டத்தைச் சேர்த்து எடுத்தவர்கள் புத்திசாலிகள். இடத்தையும் நேரத்தையும் படத்தோடு பதியும் அமைப்பை அன்றைக்குத் திறந்து வைத்திருந்தவர்கள் இழப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் சுலபமாகச் சொன்னார்கள். மழையில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டே எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போன ஆனியில் அம்மாவை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். அம்மாவும் ஆச்சி நிறம். மேகம் மூடி, தரையில் நிழல் விழாத வெளிச்சம். அஞ்சு புள்ளி ஆறு என்று வாய் தானாகச் சொல்லியது. அழகூட்டலை அணைத்து, கன்னத்தில் விரல் வைத்துப் பூட்டி, சூரியனை ஒரு இழை கீழே இறக்கினேன். தோலின் மினுமினுப்பும் நெற்றிச் சுருக்கமும் திருநீற்றின் வெண்மையும் தனித்தனியே நின்றன.

ஆச்சி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட, அதைப் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்த பையன் மவுஸை எடுத்துக்கொண்டே கேட்டான்.

“சார், முகத்த மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கிரவா?”

“வேண்டாம் தம்பி. அப்படியே போடுங்க.”