பழங்கணினிக்கு ஜாதகம் பார்ப்பது

ஜொகூர் பாருவில் இரவில் கூடும் பாசார் காராட் சந்தையில், துருப்பிடித்த கடிகாரங்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே மஞ்சள் பூத்த கணினிப் பெட்டியொன்று கிடக்குமாயின், பழம்பொருள் மோகமுடைய புதியவர் முதலில் நாடுவது முகப்பில் ஒட்டிய நிறுவனப் பெயரையே. அனுபவசாலியோ அப்பெயரைச் சற்றும் பொருட்படுத்துவதில்லை. ஐபிஎம் 1981-இல் வெளியிட்ட அசல் யந்திரம் சாமானியக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தமையால், தைவான் தாய்ப்பலகைகளைக் கிடைத்த பெட்டியில் பூட்டிக் கடைக்காரர்களே விற்ற நகல் யந்திரங்கள் இப்பிரதேசத்தில் ஏராளமாகப் புழங்கின. ஆகையால் பெட்டிக்கு ஒரு வயதும், பலகைக்கு வேறொரு வயதும், வட்டுக்கு மற்றொரு வயதுமாக இருப்பது சர்வசாதாரணம்.

மெய்யான வயதை அறிய வேண்டுமாயின் மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் சில்லுகளை வாசிக்க வேண்டும். பெரும்பாலான சில்லுகளின் முதுகில் நான்கு இலக்கங்கள் காணப்படும். 8742 என்றிருப்பின், 1987-ஆம் ஆண்டின் 42-ஆவது வாரத்தில் ஜனித்ததென்று பொருள். பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த சில்லுகளுள் எது கடைசியாகப் பிறந்ததோ, அதற்குப் பின்னரே பலகை உருவாகியிருக்கும். இந்த ஜாதகம் பொய்ப்பது அபூர்வம். இன்டெல் 1972-இலேயே பினாங்கில் ஆலை நிறுவியதால், அதன் சில்லுகளில் நம் மலேசியாவின் பெயரும் அடிக்கடி தென்படும். அதைக் கண்டு விலையைக் கூட்டிக் கொடுப்பது தேசபக்தியேயன்றி விவேகமன்று.

மஞ்சள் நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்சத் தக்கது, 386, 486 செயலிகளின் காலத்துப் பலகைகளில் கடிகாரத்துக்கெனப் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி. அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும், காற்றில் ஈரம் வற்றாத ஜொகூரில் அந்த அரிப்புக்கு அவசரமும் அதிகம். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் யந்திரத்தை நம் 230 வோல்ட் சுவரில் செருகினாலோ, பரீட்சை புகையோடு முடியும்.

என் அபிப்பிராயத்தில், இந்நாட்டுத் தமிழருக்கு யந்திரத்தினும் அதனுள் கிடக்கும் வட்டே மேலான பொக்கிஷம். முத்து நெடுமாறன் 1980-களில் இம்மண்ணில் உருவாக்கிய முரசு முதலான மென்பொருள்களைக் கொண்டு கோத்த சங்க அறிக்கைகளும் திருவிழா அழைப்பிதழ்களும் அதில் இருக்கக்கூடும். 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாடு ஒழுங்குபடுத்த முனையும் வரையில் ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் தமிழெழுத்துக்கு எண் வகுத்திருந்தமையால், உரிய எழுத்துரு இன்றித் திறந்தால் அக்கோப்புகள் அர்த்தமற்ற குறிகளாகவே தோன்றும். அவ்வெழுத்துருவோ பெரும்பாலும் அதே வட்டில்தான் இருக்கும். எனவே, வட்டைத் துடைத்துத் தரட்டுமா என்று வியாபாரி உபசாரமாகக் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிட்டு, எதையும் அதில் எழுதாமல் முழு வட்டையும் அப்படியே பிரதியெடுத்த பின்னரே யந்திரத்தைச் சீர்படுத்தத் தொடங்குவது உத்தமம்.