சீட்டைப் பிரித்துப் பாருங்கள்

சைக்கிளில் முதலில் சாவது சீட்டு. பிரேம் இருபது வருடம் தாங்கும். டயரும் செயினும் தேய்ந்தால் யோசிக்காமல் மாற்றுகிறோம். சீட்டு கிழிந்தால் மட்டும் ஒரு பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம். கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் போகிற பிள்ளைகளின் சைக்கிள்களிலும் இந்தப் பைகளைப் பார்க்கலாம். அவற்றில் பல அரசு கொடுத்த வண்டிகள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. ஒரு கிராமத்துப் பெண் மேல்நிலைப் பள்ளி வரை போக முடிந்ததில் அந்த இரண்டு சக்கரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட வண்டி, உட்கார முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சுவரோரம் சாய்ந்து துருப்பிடிப்பதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. சீட்டு என்பது மொத்தமாகத் தூக்கி எறியவேண்டிய ஒற்றைப் பொருள் அல்ல. கீழே இரும்பு, நடுவே மெத்தை, மேலே உறை. மூன்றும் ஒரே நாளில் கெடுவதில்லை. எது கெட்டது என்று பார்த்து அதை மட்டும் மாற்றலாம்.

கேடு மேலிருந்துதான் தொடங்குகிறது. நாம் ரெக்சின் என்று சொல்வது பெரும்பாலும் துணியின் மேல் பி.வி.சி. பூசிய விரிப்பு. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, குடிநீர்க் குழாயும் அதே பொருள்தான். அதை மடங்கும்படி செய்வதற்காக எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைச் சேர்க்கிறார்கள். பள்ளி மைதானத்தில் நாள் முழுக்க நிற்கும் சைக்கிளின் கருப்புச் சீட்டு சித்திரை வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அந்தச் சூட்டில் மென்மையாக்கி மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. புற ஊதாக் கதிர் மீதியைச் செய்கிறது. ரெக்சின் விறைத்து, தொடை உரசுகிற மூக்குப் பக்கத்திலும் தையல் ஓரத்திலும் வெடிக்கிறது. அடுத்து ஐப்பசி மழை. வெடிப்பு வழியாக ஸ்பாஞ்சு தண்ணீர் குடிக்கிறது. மழை விட்டு இரண்டு நாள் ஆனபின்பும் உட்கார்ந்தவுடன் பாவாடையும் பேண்ட்டும் நனைவது இதனால்தான். ஈரம் கீழே இறங்கி ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. மேலே பளபளவென்று ஒரு கவர் வாங்கி மாட்டினால் கிழிசல் மறையும், ஈரம் உள்ளேயே தங்கி அழுகல் வேகமாகும்.

மெத்தையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். பழைய சீட்டைத் தைக்கக் கொடுக்கும் எல்லோரும் கேட்பது ஒன்றே: “நல்லா தடிமனா, மெத்துனு ஸ்பாஞ்சு வைங்க.” அதுதான் வலிக்குக் காரணம். நம் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் இருக்கின்றன. கடினமான பெஞ்சில் உள்ளங்கையைக் கீழே வைத்து உட்கார்ந்தால் அவை கையில் குத்தும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே 10 முதல் 14 சென்டிமீட்டர்; பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். உடலின் பாரம் இந்த இரண்டு முண்டுகளில்தான் இறங்க வேண்டும். ஸ்பாஞ்சு மிக மென்மையாக இருந்தால் முண்டுகள் அதில் புதைந்துவிடும். அப்போது நடுவில் உள்ள ஸ்பாஞ்சு மேலெழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற மென்தசையை அழுத்தும். பத்து நிமிடத்தில் மரத்துப்போகிற சீட்டு பெரும்பாலும் கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது மிகவும் சுகமாகத் தெரிந்த சீட்டுதான். அகலமும் அப்படியே. பின்பக்கம் குறுகலான சீட்டில் முண்டுகள் விளிம்புக்கு வெளியே போய்விடும். எத்தனை மெத்தை வைத்தாலும் வலி தீராது.

மெத்தையே இல்லாமல் இதற்கு விடை கண்டவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணம் செய்துவந்த ஜான் போல்ட்பி புரூக்ஸ், 1882இல் சைக்கிளுக்கான தோல் சீட்டுக்குக் காப்புரிமை கேட்டார். தடித்த மாட்டுத்தோல் ஒன்றை முன்னால் மூக்கிலும் பின்னால் வளைந்த தகட்டிலும் ரிவிட் அடித்து, நடுவில் தாங்கல் ஏதுமின்றி இழுத்துக் கட்டுவது இந்த வகைச் சீட்டின் அமைப்பு. கயிற்றுக் கட்டில் படுப்பவர் உடம்புக்கு ஏற்பக் குழிவது போல, இந்தத் தோல் ஓட்டுபவரின் எலும்புக்கு ஏற்பக் குழியும். தளர்ந்தால் மூக்கின் அடியில் இருக்கும் போல்ட்டை முறுக்கி இழுத்துக்கொள்ளலாம். நம் ஊர் தாத்தாக்களின் பழைய சைக்கிள்களிலும் இந்த வகைச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். பரணில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். தோல் கிழிந்திருந்தாலும் இரும்பு நன்றாக இருந்தால் புதுத்தோல் ஏற்றலாம்.

ஆனால் எந்தத் தோலும் ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் காலணி மேற்பாகத்துக்கு இன்று அதிகம் வருவது குரோமியம் உப்பில் பதனிட்ட தோல். மென்மையானது, இழுத்தால் நீளும்; சீட்டில் ஏற்றினால் சீக்கிரமே தொட்டில் போல் தொங்கிவிடும். வேண்டியது மரப்பட்டையில் பதனிட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலைப் போட்டு எடுப்பது தமிழ்நாட்டின் பழைய தொழில். அப்படிப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்கு ஏற்றுமதியானது. பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து அவற்றை விறைப்பாக்குகிறது. இந்தத் தோலை நனைத்தால் வளையும், அச்சில் வைத்துக் காயவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். சீட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. நனைத்து, மரக்கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் இழுத்துக் கட்டி, நிழலில் முழுதாகக் காய்ந்தபின் ஓரம் வெட்டி, துளையிட்டு, செம்பு ரிவிட் அடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஊறவைக்கும் பழக்கம் வேண்டாம்; தோல் தளர்ந்துவிடும்.

பள்ளிப் பிள்ளையின் ரெக்சின் சீட்டுக்கு இத்தனை தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சீட்டுக்கு அடியில் கிளாம்பின் நட்டுகளைத் தளர்த்தினால் சீட்டு கையோடு வரும். கவிழ்த்துப் பாருங்கள். ரெக்சினின் ஓரம் உள்ளே மடிந்து, தகட்டில் மாட்டியோ ஒட்டியோ பின் அடித்தோ இருக்கும். கிழித்தெடுக்கக் கூடாது. பழைய உறைதான் புதிய உறைக்கு அளவு. தையலைப் பிளேடால் பிரித்துச் செய்தித்தாளில் தட்டையாக விரித்து வரையுங்கள். பல வருடம் உட்கார்ந்ததில் அது ஒரு பக்கமாக இழுத்திருக்கும். அதனால் பாதியை மட்டும் வரைந்து, தாளை நடுவில் மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வரும். மடிப்புக்காகச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விடுங்கள்.

ஸ்பாஞ்சு கைபட்டதும் மஞ்சள் பொடியாக உதிர்ந்தால் முழுதாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங்கில் கம்பி முறிந்திருந்தால் சைக்கிள் கடையில் மாற்றுங்கள். துரு மட்டும் என்றால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினால் போதும். அடியில் ரப்பர் பால் சேர்த்து அழுத்திய தேங்காய் நார், மெத்தைக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைத்தால் அருமை. அதன் மேல் அழுத்தினால் உடனே திரும்பி எழும் கெட்டியான ஸ்பாஞ்சு, ஒரு சென்டிமீட்டர் போதும். ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள். அதற்கு மேல் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்று. மழை நாளில் கிழிசலுக்கு வெளியே கட்டிய அதே பைக்கு உண்மையான இடம் இதுதான். அடிப்பக்கத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டும்.

தையல் மிகக் குறைவாக இருக்கட்டும். எலும்பு அழுந்துகிற இடத்தில் இருக்கவே கூடாது. ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீருக்கு வாசல். நெருக்கமாகத் தைத்தால் அந்தக் கோட்டிலேயே ரெக்சின் கிழியும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், பாலியெஸ்டர் நூல் வாங்குங்கள். உறையை ஏற்றுவதற்கு முன் அரைமணி நேரம் வெயிலில் போட்டால் ரெக்சின் இளகி வளைவுகளில் சுருக்கமில்லாமல் உட்காரும். முதலில் மூக்கு, பிறகு நேர் பின்பக்கம், அப்புறம் வலது கொஞ்சம் இடது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இழுங்கள். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் உறை திருகிவிடும். மூக்கின் மடிப்பு தடித்தால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் முக்கோணமாக வெட்டிவிடலாம். ஒட்டும்போது பஞ்சர் கடைக்காரர் செய்வதையே செய்யுங்கள்: இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்தபின் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் வழுக்கும்.

திரும்ப மாட்டும்போது சீட்டின் மேற்பரப்பு தரைக்குச் சமமாக இருக்கட்டும். மூக்கு தூக்கினால் மென்தசை அழுந்தும், தாழ்ந்தால் உடல் வழுக்கிக் கையில் பாரம் ஏறும். புது மெத்தையால் உயரம் சிறிது மாறியிருக்கும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி கம்பியை ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்ற வேண்டாம். முதல் வாரத்தில் நட்டுகள் தளரும்; ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.