பவுண்டு ஏறினா பை நிறைய ஷாப்பிங்... இறங்கினா ஒரு வேளை சாப்பாடு கட்! அமெரிக்கா போகும் இங்கிலாந்துக்காரர்கள் படும் பாடு

லண்டன்:

வருஷம் முழுக்க ஓவர்டைம் பார்த்து, மாசாமாசம் காசு ஒதுக்கி, பிள்ளைகளை ஒரு தடவையாவது புளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு கூட்டிப் போகணும். இங்கிலாந்தில் பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவர் என்று பல குடும்பங்களுக்கு இதுதான் பெரிய ஆசை. டிக்கெட் எடுத்து, ரூம் போட்டு எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு விஷயம் அவர்கள் கையில் இருக்காது. ஒன்று, பவுண்டு - டாலர் மதிப்பு. இன்னொன்று, ஏர்போர்ட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்க குடியுரிமை அதிகாரி.

முதலில் காசு விஷயத்தைப் பார்ப்போம்.

ஒரு குடும்பம் கைச்செலவுக்கு 2 ஆயிரம் பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2007 நவம்பரில் ஒரு பவுண்டுக்கு 2.10 டாலர் கிடைத்தது. அதாவது 2 ஆயிரம் பவுண்டுக்கு 4,200 டாலர். 2022 செப்டம்பர் கடைசியில், அப்போதைய நிதி மந்திரி குவாசி குவார்டெங் வரிக்குறைப்பு அறிவித்து மூன்றாம் நாள், பவுண்டு வரலாறு காணாத அளவுக்கு சரிந்து ஒரு கட்டத்தில் 1.03 டாலரைத் தொட்டது. அந்த வாரத்தில் 1.07-க்கு மாற்றியவருக்குக்கூட 2,140 டாலர்தான். உழைப்பு அதே உழைப்பு, சேர்த்த காசும் அதே காசு. கைக்கு வந்தது மட்டும் பாதி.

இவ்வளவு பெரிய சரிவு அடிக்கடி வராது, உண்மைதான். ஆனால் சாதாரண வருஷத்திலேயே கை கடிக்கும். 2025 ஜனவரியில் 1.22 டாலர் அளவில் கிடந்த பவுண்டு, ஜூலை தொடக்கத்தில் 1.37-க்கு ஏறியது. ஜனவரியில் அவசரப்பட்டு 2 ஆயிரம் பவுண்டை மாற்றியவர், ஜூலையில் மாற்றியவரைவிட 300 டாலர் நஷ்டப்பட்டார். ஒரு குடும்பத்துக்கு நாலைந்து நாள் சாப்பாட்டுக் காசு அது.

50 பவுண்டுக்கு மேல் கூடாது!

இன்றைக்காவது எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். 1966-ல் நிலைமையே வேறு. நாட்டின் அன்னியச் செலாவணி கரைகிறது என்று, பிரதமர் ஹெரால்டு வில்சன் அரசு சுற்றுலாப் பயணிகளுக்கு 50 பவுண்டு உச்சவரம்பு போட்டது. அமெரிக்கா போகிறவரும் அதற்குள்தான் டாலர் வாங்கணும். எவ்வளவு வாங்கினார் என்று பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக் கொடுத்து விடுவார்கள். அப்போது பவுண்டுக்கு 2.80 டாலர். 1967 நவம்பரில் ஒரே நாளில் அதை 2.40 ஆகக் குறைத்தார்கள். 140 டாலர் கிடைத்த இடத்தில் 120 டாலர்! இந்த உச்சவரம்பு 1970 தொடக்கம் வரை நீடித்தது. அன்னியச் செலாவணி கட்டுப்பாடு முழுசாக ஒழிந்தது 1979 அக்டோபரில்தான்.

அதற்குள் ஏழைக்கும் விமானம் என்று கிளம்பி விட்டார் பிரெட்டி லேக்கர் என்ற தொழிலதிபர். 1977 செப்டம்பரில் லண்டன் - நியூயார்க்குக்கு அவர் விட்ட ஸ்கைட்ரெயின் விமானத்தில் ஒரு வழி டிக்கெட் வெறும் 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது, கியூவில் நின்று வாங்க வேண்டியதுதான். ஜனங்கள் அலைமோதினார்கள். ஆனால் விமானம் வாங்க அவர் போட்ட கடன் டாலரில், வருமானமோ பெரும்பாலும் பவுண்டில். 1980 கடைசியில் 2.40 டாலர் அளவில் இருந்த பவுண்டு சரியச் சரிய கடன் வீங்கியது. பெரிய கம்பெனிகளின் கட்டணப் போட்டியும் சேர்ந்து கழுத்தை நெரித்தது. 1982 பிப்ரவரியில் கம்பெனி அம்போ. பவுண்டு விழுந்தால் பயணி மட்டுமல்ல, விமானக் கம்பெனியே கவிழும் என்பதற்கு இது சாட்சி.

1985 பிப்ரவரியில் பவுண்டு 1.05 டாலருக்கு வந்தபோது கதை தலைகீழ். அமெரிக்கர்கள் லண்டனில் வந்து குவிந்து கடை கடையாக அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கிலாந்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

போட்ட விலை ஒன்று, பில் ஒன்று

போர்டில் காட்டும் ரேட் எல்லாருக்கும் கிடைக்காது. டி.வி.யில் சொல்வது வங்கிக்கும் வங்கிக்கும் நடுவே நடக்கும் ரேட். ஏர்போர்ட் கவுண்டரில் கடைசி நேரத்தில் போய் நின்றால் அதைவிட ரொம்பக் குறைச்சலாகத்தான் கொடுப்பார்கள். ஆன்லைனில் முன்கூட்டியே புக் செய்து அதே ஏர்போர்ட்டில் வாங்கினால்கூட ரேட் நன்றாக இருக்கும்.

கார்டு தேய்த்தால் வேறு சிக்கல். பல வங்கிகளின் சாதாரண கார்டுகளில், வெளிநாட்டில் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதம் அளவுக்குக் கட்டணம் உண்டு. இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. தேடி வாங்கணும். அதைவிட நைசான பொறி ஒன்று இருக்கிறது. கடையில் கார்டைப் போட்டதும் மெஷின் கேட்கும்: டாலரிலா, பவுண்டிலா? நம்ம ஊர்க் காசு என்று பவுண்டை அமுக்கினால் போச்சு. மெஷின்காரன் வைத்ததே ரேட். டாலரை அமுக்குவதுதான் லாபம்.

அடுத்தது விற்பனை வரி. இங்கிலாந்தில் கடையில் போட்டிருக்கும் விலையிலேயே 20 சதவீத வாட் வரி அடங்கி விடும். அமெரிக்காவில் வரி பில் போடும்போதுதான் ஏறும். நியூயார்க் நகரில் 8.875 சதவீதம். 200 டாலர் என்று ஒட்டியிருக்கும் ஹெட்போனுக்கு 217 டாலர் 75 சென்ட் கொடுக்கணும். 110 டாலருக்குக் குறைந்த துணிமணி, செருப்புக்கு அங்கே இந்த வரி இல்லை என்பது ஒரு ஆறுதல். டெலாவேர், ஓரிகான் போன்ற மாநிலங்களில் விற்பனை வரியே கிடையாது.

ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைக்கணும். இங்கிலாந்துக்காரர்களுக்கு இதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் அங்கே பல மாநிலங்களில் சர்வருக்கு முதலாளி தரும் கூலி கொஞ்சம்தான். டிப்ஸை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. ஆகவே அதைக் கழிக்காமல் பட்ஜெட் போடுவதே சரி.

விசா வேண்டாம்... ஆனா காசு வேணும்!

1988 ஜூலையில் அமெரிக்கா, விசா இல்லாமல் வரலாம் என்று முதன்முதலாகச் சலுகை கொடுத்த நாடு இங்கிலாந்து. விமானத்தில் பச்சை பார்ம் பூர்த்தி செய்தால் போதும், 90 நாள் இருக்கலாம். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு பிடி இறுகியது. 2004 செப்டம்பர் கடைசியில் இருந்து இவர்களுக்கும் கைரேகை, போட்டோ. 2009 ஜனவரி 12 முதல், புறப்படும் முன்பே இணையத்தில் எஸ்டா என்ற அனுமதி வாங்குவது கட்டாயம்.

ஆரம்பத்தில் எஸ்டா இலவசம். 2010 செப்டம்பரில் 14 டாலர் போட்டார்கள். 2022 மே மாதம் 21 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 30-ல் ஒரே அடியாக 40 டாலராக ஏற்றி விட்டார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு 160 டாலர், அதாவது சுமார் 120 பவுண்டு. கைக்குழந்தைக்கும் தனி எஸ்டா வேண்டும். இரண்டு வருஷம் செல்லும், ஆனால் நடுவில் பாஸ்போர்ட் காலாவதி ஆனால் எஸ்டாவும் காலி. அரசு வெப்சைட் மாதிரியே ஜோடித்து, கூடுதல் காசு பிடுங்கும் போலி சைட்டுகளிலும் பலர் ஏமாறுகிறார்கள்.

கனடாவில் இருந்து கார், பஸ்ஸில் எல்லையைக் கடந்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல் தரைவழிக்கும் எஸ்டா உண்டு. அதோடு தரைவழியில் நுழைவுப் பதிவுக்கு இருந்த 6 டாலர் கட்டணத்தையும் 2025-ல் 30 ஆக்கி விட்டார்கள்.

பலர் கோட்டை விடுவது 90 நாள் கணக்கில். 80 நாள் இருந்துவிட்டு, பத்து நாள் கனடா போய்த் திரும்பினால் கணக்கு புதுசாக ஆரம்பிக்காது. கனடாவில் சுற்றிய நாளும் அந்த 90-க்குள்தான். நீட்டிப்பு கிடையாது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அப்புறம் எஸ்டா சலுகை போச்சு, விசாதான்.

கியூபா கடற்கரைக்கு லீவில் போய் வந்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி. 2021 ஜனவரி 12-க்குப் பிறகு கியூபாவுக்குப் போனவருக்கு எஸ்டா கிடையாது. ஈராக், ஈரான், சிரியா போன்ற நாடுகளுக்கு 2011 மார்ச்சுக்குப் பிறகு போனவர்களுக்கும் அதே கதிதான். இவர்கள் லண்டன் நைன் எல்ம்ஸில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் இன்டர்வியூவுக்கு நின்று விசா வாங்கணும். 2023 ஜூன் முதல் அதற்குக் கட்டணமே 185 டாலர்.

லண்டன் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனித் தலைவலி. இருபது வருஷம் இங்கிலாந்தில் இருந்தாலும், நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருந்தாலும், கையில் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் என்றால் எஸ்டா இல்லை. புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பெண்டாட்டிக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று இருக்கிற வீட்டில், மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் அனுமதி வாங்க, அம்மா மட்டும் விசாவுக்குக் காத்துக் கிடக்கணும். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கணும். டிக்கெட் அப்புறம்.

கேட்டுத் திறப்பது அதிகாரி கையில்

எஸ்டா இருந்தால் விமானம் ஏறலாம், அவ்வளவுதான். உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த அதிகாரி. திருப்பி அனுப்பினால் சாதாரணமாக அப்பீல் கிடையாது. அந்த உரிமையை விட்டுக்கொடுத்துதான் எஸ்டாவே வாங்குகிறார்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், செலவுக்குக் காசு இருக்கா என்று கேட்பார்கள். ஜோக் அடிக்கிற இடம் அது இல்லை. செல்போனைத் திறந்து காட்டச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஒரு வீட்டில் இலவசமாகத் தங்கி, பதிலுக்குப் பாத்திரம் கழுவி, குழந்தை பார்த்தாலும் அது வேலைதான். சம்பளம் வாங்காவிட்டாலும் விதிமீறல். 2025 மார்ச்சில் இங்கிலாந்து வெளியுறவுத் துறையே, விதியை மீறினால் கைது, காவல் வரை போகலாம் என்று தன் மக்களை எச்சரித்தது.

டப்ளின் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வசதி. அயர்லாந்தின் டப்ளின், ஷானன் ஏர்போர்ட்டுகளிலேயே அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து சோதனையை முடித்து விடுவார்கள். 'நோ' என்றாலும் கடல் தாண்டும் முன்பே தெரிந்து விடும்.

பெட்டியையும் பார்த்துக் கட்டணும். 10 ஆயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் எழுதிக் கொடுக்கணும். குடும்பத்துக்கே சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கொண்டு போவது தப்பில்லை, மறைத்தால்தான் பறிமுதல். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆசையாகக் கொண்டு போகும் ஹாகிஸ் என்ற ஆட்டுக்குடல் பதார்த்தத்துக்கு, அதில் நுரையீரல் சேர்ப்பதால் 1971-ல் இருந்தே தடை. உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டையும் கூடாது. மிட்டாய்க்குள் தின்ன முடியாத பொருள் இருக்கக் கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம்.

திரும்பி வந்தால் சொந்த ஊர் கஸ்டம்ஸ் காத்திருக்கும். 2007-ல் காலிப் பெட்டியோடு நியூயார்க் போய் ஜீன்சும் ஐபாடும் அள்ளி வந்தவர்களை இதுதான் வாரியது. அப்போது வரியில்லாமல் 145 பவுண்டு பொருள்தான் கொண்டு வரலாம். இப்போது விமானப் பயணிக்கு 390 பவுண்டு. ஆனால் கூட்டுக் கணக்கு செல்லாது. 600 பவுண்டு லேப்டாப்பை, புருஷன் பாதி பெண்டாட்டி பாதி என்று பிரிக்க முடியாது. மேலே உள்ள 210-க்கு மட்டும் வரி என்றும் கிடையாது. முழு 600-க்கும் கணக்குப் போட்டு வாட் வரி வாங்குவார்கள். மிச்சமான டாலர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் குறைந்த ரேட். சில்லறைக் காசை பெரும்பாலான கவுண்டர்கள் தொடுவதே இல்லை.