காப்பீட்டு முகவர்: சட்டமும் காவிரிப் படுகை நடைமுறையும்

காப்பீட்டு முகவர் என்பவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தால் நியமிக்கப்பட்டு, அதன் பாலிசிகளை மக்களிடம் விளக்கி, விண்ணப்பம் பெற்றுத் தந்து, அதற்காகக் கமிஷன் பெறும் தனிநபர். எந்த நிறுவனத்தின் முகவராக இருந்தாலும் 'எல்.ஐ.சி. ஏஜென்ட்' என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் சிற்றூர்களில் முகவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், பல வேளைகளில் உறவினர். 'நம்ம ஆள்' என்று நம்பித்தான் அவரிடம் பணம் கொடுக்கிறார்கள். சட்டத்தின் பார்வை வேறு. பாலிசி எடுக்கும்போது அவர் நிறுவனத்தின் ஆள். தவணைப் பணம் வாங்கும்போது, தனியே அதிகாரம் பெற்றிருந்தால் தவிர, அவர் நிறுவனத்தின் ஆள் அல்ல. இந்த வேறுபாடு தெரியாததால் பாலிசிப் பணமே கிடைக்காமல் போன வழக்குகள் உண்டு.

ஒழுங்குபடுத்தும் அமைப்பு

அமெரிக்காவில் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் பொறுப்பு. 1945ஆம் ஆண்டின் மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதிசெய்தது. அங்கு ஒவ்வொரு மாநிலமும் முகவருக்குத் தனியே உரிமம் வழங்குகிறது. இந்தியாவில் அப்படி இல்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மத்திய அரசுப் பட்டியலின் 47ஆம் பதிவாகக் காப்பீடு இடம்பெறுகிறது. எனவே முகவருக்குத் தமிழ்நாடு அரசு உரிமம் தருவதில்லை. தஞ்சாவூர் முகவருக்கும் குவாஹாத்தி முகவருக்கும் ஒரே விதிகள்தான்.

அந்த விதிகளுக்கு அடிப்படை 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம். 1956 செப்டம்பர் 1 அன்று, 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றிணைத்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) உருவானது. தஞ்சாவூரில் அதற்குக் கோட்ட அலுவலகம் உள்ளது. தனியார் நிறுவனங்களுக்கு மீண்டும் வழிவிட்ட 1999ஆம் ஆண்டுச் சட்டம், காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தை (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) தோற்றுவித்தது. ஆணையத்தின் தலைமையகம் ஐதராபாத்தில் இருக்கிறது.

முகவராகும் முறை

2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் முகவருக்கான உரிமம் ஆணையத்தின் பெயரில் வழங்கப்பட்டது. இப்போது நிறுவனமே நியமிக்கிறது, ஆணையம் விதி வகுத்துக் கண்காணிக்கிறது. 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் முகவர் தேர்வில் வெற்றியும் தேவை. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முகவராக இருக்கலாம். இரண்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் முகவராக இருக்க முடியாது. ஆகவே "எல்லாக் கம்பெனி பாலிசியும் போட்டுத் தருவேன்" என்பவரிடம், அவர் முகவரா, தரகரா, இரண்டுமில்லாதவரா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. நியமனம் இல்லாமல் முகவராகச் செயல்படுபவருக்கு 10,000 ரூபாய் வரையும், அத்தகையவரைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது.

முகவர் கேட்டவருக்கு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தமக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு என்று கேட்டாலும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஆள் சேர்த்து ஆள் சேர்க்கும் சங்கிலித்தொடர் முறையில் பாலிசி விற்பதைச் சட்டத்தின் 42ஏ பிரிவு தடைசெய்கிறது.

"முதல் தவணையை நானே கட்டிவிடுகிறேன்"

முகவர் தம் கமிஷனில் ஒரு பங்கைப் பாலிசி எடுப்பவருக்கு விட்டுக்கொடுப்பது பழைய வழக்கம். 41ஆம் பிரிவு இதைத் தடைசெய்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, அத்தகைய தள்ளுபடியைப் பெற்றுக்கொண்டு பாலிசி எடுப்பதும் குற்றமே. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கான அபராதத்தின் உச்சவரம்பை 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு லாபமான ஒன்றைச் சட்டம் ஏன் தடுக்கிறது என்று தோன்றும். தள்ளுபடிக்காக எடுத்த பாலிசியை இரண்டாம் ஆண்டில் கட்ட முடியாமல் விடுபவர் இழப்பது, பெற்ற தள்ளுபடியைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

கையில் கொடுத்த தவணை

படுகையில் வருமானம் மாதாமாதம் வருவதில்லை. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும், சம்பா அறுவடை தை, மாசியில். மேட்டூர் அணை திறப்பதற்கு மரபான நாள் ஜூன் 12. அது தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். தவணைத் தேதி மட்டும் தள்ளாது. மாதத் தவணைக்கு 15 நாளும் மற்றவற்றுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு. அதற்குள்ளும் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகும். இத்தகைய ஊரில், களத்திலிருந்து நெல் போனதும் முகவரிடம் பணத்தைக் கொடுத்து "கட்டிவிடுங்கள்" என்று சொல்வது இயல்பாக நடக்கிறது.

இதில் உள்ள ஆபத்தை 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அர்ஷத் ஜே. ஷா எதிர் எல்.ஐ.சி. வழக்கு காட்டுகிறது. பாலிசிதாரர் தவணைக்கான காசோலையை 1987 ஜூன் மாதம் முகவரிடம் கொடுத்தார். ஆகஸ்ட் 9 அன்று அவர் விபத்தில் இறந்தார். முகவர் பணத்தை அலுவலகத்தில் செலுத்தியது அதற்கு மறுநாள். தவணை வசூலிக்க அந்த முகவருக்கு நிறுவனம் அதிகாரம் தரவில்லை, எனவே அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பாலிசி காலாவதியானதாகவே கொள்ளப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பசந்தி தேவி வழக்கில் முடிவு வேறு. அங்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து தவணையைப் பிடித்து அனுப்பும் பொறுப்பை, நிறுவனத்தின் திட்டப்படியே வேலை தரும் அமைப்பு ஏற்றிருந்தது. அந்த அமைப்பு நிறுவனத்தின் முகவராகவே செயல்பட்டது என்று நீதிமன்றம் கருதியது. பணத்தை வாங்கியவருக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்பதே இரண்டு வழக்குகளையும் பிரிக்கிறது.

64விபி பிரிவின்படி, முகவர் நிறுவனத்தின் சார்பில் பெற்ற பிரீமியத்தை, வங்கி, அஞ்சல் விடுமுறை நாள்கள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் சேர்க்கவோ அஞ்சலில் அனுப்பவோ வேண்டும். முகவர் துண்டுச்சீட்டில் எழுதித் தருவது ரசீது ஆகாது. நிறுவனத்தின் ரசீது எண் கைக்கு வந்த பிறகே தவணை கட்டப்பட்டதாகக் கொள்ளலாம்.

விண்ணப்பத்தை நிரப்புவது யார்

விண்ணப்பப் படிவத்தை முகவரே நிரப்புவதும், பாலிசிதாரர் கையெழுத்து மட்டும் போடுவதும் வழக்கமாகிவிட்டது. சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்லியும் முகவர் 'இல்லை' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? இங்கே சட்டம் குடும்பத்தின் பக்கம் ஓரளவு சாய்கிறது. பாலிசிக்காக ஆளை அணுகிப் பேசி முடிப்பவர், ஒப்பந்தம் உருவாகும் கட்டத்தில் நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்று 45ஆம் பிரிவு கூறுகிறது. அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்ததே என்று வாதிட இது இடம் தருகிறது. ஆனால் முகவரிடம் வாயால் சொன்னதைப் பின்னர் நிரூபிப்பது எளிதல்ல. நிரப்பிய படிவத்தைப் படித்துப் பார்த்து, நகல் வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

அதே பிரிவின்படி ஆயுள் காப்பீட்டுப் பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்த பின், எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள், மோசடி இல்லாத தவறான தகவல் காரணமாக உரிமைக்கோரிக்கை மறுக்கப்பட்டால், கட்டிய பிரீமியத்தை 90 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

பயிர்க் காப்பீட்டில் முகவர் எங்கே

படுகை உழவருக்கு மிக நெருக்கமான காப்பீட்டில் ஊர் முகவருக்குப் பெரிய இடமில்லை. 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொதுச் சேவை மையம் ஆகியவை வழியாகவே பெரும்பாலும் பதிவு நடக்கிறது. மாநில அரசுக்கு நேரடிப் பங்கு இருப்பதும் இங்குதான். எந்தப் பயிர், எந்த ஊர், எந்தக் கடைசித் தேதி என்பதை அதுவே அறிவிக்கிறது. உழவர் செலுத்தும் பங்கு காரீஃப் உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி பயிருக்கு 1.5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஒரு புல எண் மாறினாலும், பதிவின்போது ஊர்ப் பெயர் மாறினாலும் இழப்பீடு சிக்கலாகும். பதிவு ரசீதை அன்றே சரிபார்ப்பது இங்கும் பொருந்தும்.

இழப்பு கணக்கிடப்படுவது தனி வயலுக்கு அல்ல, ஊர் அளவில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரிக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருவர் வயல் மட்டும் மூழ்கினால் தனியே மதிப்பிடும் வசதி நெல்லுக்கு 2018இல் நீக்கப்பட்டது. அதை 2026 காரீஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது.

புகார் செய்யும் வழி

பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். முகவர் சொன்னதும் ஆவணத்தில் உள்ளதும் ஒன்றா என்று பார்ப்பதற்கான காலம் அது. 2024க்கு முன் பொதுவாக 15 நாள்களே இருந்தன. அதன் பின் எழும் புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் தர வேண்டும். ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவு தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற உதவி எண்ணும், மாவட்ட அளவிலான குறைதீர்ப்புக் குழுவும் தனியே உள்ளன.