கம்ப்யூட்டரில் ஒரு பாகப்பிரிவினை!

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை வாந்தி எடுக்காமல் தாண்டினால் போடிமெட்டு. உச்சியில் செக்போஸ்ட். இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. ஒரே மலை, ஒரே மூடுபனி, ஒரே ஏலக்காய் வாசம். ஆனால், சர்க்கார் இரண்டு!

ஒரு கம்ப்யூட்டருக்குள் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் குடிவைப்பதும் இதே சங்கதிதான். அதை நான் செய்து பார்த்ததும் இதே போடிமெட்டில்தான்.

அங்கே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் என் மச்சான் கணக்கு எழுதுகிறார். 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர். உள்ளே விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் சங்கு ஊதிவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால், புதிதாக ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர மாட்டார்கள். (பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு கருணை நீட்டிப்பு.) விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2018-க்குப் பின் வந்த பிராசஸரும் கேட்கிறது. மச்சானின் பெட்டி வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

'புதுசு ஒண்ணு வாங்கிருங்களேன் மச்சான்.'

'மொதலாளிகிட்ட நீயே கேட்டுக் குடு மாப்ளே. காய் வெல எறங்குனா மொத வெட்டு நம்ம ஆபீஸ் செலவுலதான் விழுது. நீ பி.காம். படிச்சவன்தானே, எதாச்சும் பண்ணு.'

நம் பக்கத்தில் டிகிரி முடித்தவன் என்றால் மோட்டார் பம்ப் முதல் மாட்டு வைத்தியம் வரை தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் எம்மாத்திரம்?

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். காய் எடுக்கும் பெண்களின் சனிக்கிழமைக் கூலிப் பட்டியல், வாங்கிய அட்வான்ஸ், ஏலத்துக்குப் போன மூட்டைகளின் எடை... ஒன்பது வருஷக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தான். அது படுத்தால், ஜீப்பில் மலையிறங்கக் காத்திருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே, லினக்ஸ்!

*

1991 ஆகஸ்ட் 25-ம் தேதி, ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன், 'பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறேன்' என்கிற தோரணையில் அறிவித்தார். அதற்கு முன்பே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 'யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்' என்ற கொள்கையோடு க்னூ திட்டத்தை ஆரம்பித்திருந்தார். இரண்டும் சேர்ந்து இன்று உலகத்தையே ஓட்டுகின்றன. 2017 நவம்பர் முதல், உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் அத்தனையும் லினக்ஸ்தான். உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதன் அடிவயிற்றிலும் லினக்ஸ்தான்!

'எனக்கு லினக்ஸ் தெரியாது' என்கிறீர்களா? 2011-க்குப் பிறகு ப்ளஸ் டூவோ, காலேஜோ படித்து அரசு லேப்டாப் வாங்கியவர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஸ்விட்ச் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வருமே... ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று 'பாஸ்'. அது நம் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் மடியில் லினக்ஸை வைத்துவிட்டது சர்க்கார். ஆனால், எங்கள் ஹாஸ்டலில் அதற்கு இருந்த ஒரே பெயர், 'அந்த இன்னொண்ணு'. வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, சிலபஸிலும் இல்லை. சினிமா பார்க்க இடம் பற்றவில்லை என்று முதல் செமஸ்டருக்குள் அழித்துவிட்டார்கள். விருந்தாளியைக் கூப்பிட்டு வந்து, யாரிடமும் அறிமுகம் செய்யாமல் திண்ணையில் உட்காரவைத்தால் அவர் என்னதான் செய்வார்?

செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய கேரளம் (இப்போது 'கைட்'), முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பாடப் புத்தகத்தில் போட்டது. பத்தாம் வகுப்புப் பிராக்டிகல் பரீட்சையையே லினக்ஸில் வைத்தது. 2019-ல் இரண்டு லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய பதிப்பைக் கொடுத்தபோது, லைசென்ஸ் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள்.

மச்சான் மகள் அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. நான் பென் டிரைவோடு போய் இறங்கியதும், 'இதுக்கா மாமா இவ்வளவு பயப்படுறீங்க? எங்க ஸ்கூல்ல எல்லாமே இதுதான்' என்றாள். பி.காம். பட்டம் அந்த இடத்தில் காலாவதியானது.

*

இனி செய்முறை. ஆபீஸ் நண்பர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லாக் கணக்கையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். எடுத்த நகல் இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பாருங்கள். பெட்டி 'பிட்லாக்கர்' பூட்டுப் போட்டிருந்தால், அதன் ரெக்கவரி எண்ணைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

அடுத்தது பாகப்பிரிவினை. விண்டோஸுக்குள்ளேயே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போய் 'சி' டிரைவைச் சுருக்கி, ஒரு 50 ஜி.பி. காலி மனை ஒதுக்குங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாகத் தூங்காது. அரைத்தூக்கத்தில் இருப்பவரின் பெட்டியை லினக்ஸ் திறந்தால் கைகலப்புதான்.

பிறகு உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட், இரண்டில் ஒன்றை இலவசமாக இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றுங்கள். (அதில் முன்பிருந்த கல்யாண போட்டோக்கள் போய்விடும், ஜாக்கிரதை!) அந்த பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால், எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடும். இதுதான் பெண் பார்க்கும் படலம். வைஃபை வருகிறதா, பிரின்டர் பேசுகிறதா, சத்தம் கேட்கிறதா? பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிக்கொண்டு 'லெட்டர் போடறோம்' என்று வந்துவிடலாம்.

பிடித்தால் இன்ஸ்டால். அங்கே இரண்டு வழி காட்டும். ஒன்று, 'விண்டோஸுக்குப் பக்கத்தில் வை'. மற்றது, 'டிஸ்க்கை மொத்தமாக அழி'. இந்த ஒரு ஜன்னலில் மட்டும் டீயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படியுங்கள். ஒன்பது வருஷக் கணக்கு அந்த ஒரு க்ளிக்கில்தான் தொங்குகிறது. மச்சான் அந்த நேரம் முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையை மட்டும்தான் பார்த்தேன்.

அரை மணி நேரம். திரும்பக் கிளப்பியதும் 'எந்தப் பக்கம் போகணும்?' என்று கேட்கும் மெனு. செக்போஸ்ட் ரெடி!

*

எல்லாம் பூரணமா? இல்லை. டாலி நேரடியாக லினக்ஸில் ஓடாது; அது விண்டோஸ் பக்கமே இருக்கட்டும். அந்தப் பக்கம் நெட்டைத் துண்டித்துவிட்டு, இ-மெயில், பேங்க், பிரவுஸர் வேலைகளை லினக்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எக்ஸெல் ஷீட்டுகளை லிப்ரே ஆபீஸ் திறக்கிறது. சிக்கலான மேக்ரோ மட்டும் முரண்டு பிடிக்கும். பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் சாமியாடும். அந்த எழுத்துருவையும் கொண்டுபோய்ப் போட வேண்டும். தமிழ்99 கீபோர்டு மட்டும் கூடவே வருகிறது.

இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸோ அதையே உள்ளூர் நேரமென்று நம்பும். ஆக, திரும்ப விண்டோஸுக்கு வந்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும்!

'மாப்ளே, வெடியக்காலை நாலரைக்கே ஆபீஸ் வந்துட்டேன்னு காட்டுது. ஓவர்டைம் போட்டுக்கிறவா?'

லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு வரிக் கட்டளை. அதையும் அந்த எட்டாம் வகுப்புதான் எனக்கு முன்னால் அடித்து முடித்தது.

அந்த வாரக் கூலிப் பட்டியல் லினக்ஸில் பிரின்ட் ஆகி, சனிக்கிழமை பணம் சரியாகக் கைக்குப் போனது. செலவு, ஒரு பென் டிரைவ்.

உங்கள் ஆபீஸிலும் விண்டோஸ் 11 ஏற மறுத்த பெட்டிகள் மூலையில் தூசி குடித்துக்கொண்டிருக்கும். பழைய இரும்புக் கடைக்குத் தூக்கும் முன் மேனேஜரிடம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். கூடவே, சொல்லித் தர ஓர் ஆளையும் தேடுங்கள். நம் லேப்டாப்புகளில் இல்லாமல் போனது சாஃப்ட்வேர் இல்லை, அந்த ஆள்தான்.

பாகப்பிரிவினை என்றால் அடிதடிதான் என்று யார் சொன்னது? இங்கே பத்திரச் செலவுகூட இல்லை ஸார்!