கடற்கரைக்கு மணல் கொடுப்பது யார்?

பேராதனைப் பாலத்திலிருந்து மகாவலியைப் பார்த்திருக்கிறீர்களா? மழை குறைந்த மாதங்களில் தண்ணீர் வற்றி, ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் எழும்பியிருக்கும். பெரியவர் ஒருவரின் துணையோடு அந்த மணலில் ஒரு பிடி எடுத்து, காயவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நிறமில்லாமல் மினுங்குவது குவார்ட்ஸ். ஏடு ஏடாகப் பளபளப்பது மைக்கா. இளஞ்சிவப்பாகச் சில மணிகள் கிடைத்தால் அது கார்னட். எல்லாமே மலைநாட்டுப் பாறைகளின் பொடிதான். வெயிலும் மழையும் பட்டுப்பட்டுப் பாறை உதிர்கிறது. அதிலுள்ள எளிதில் சிதையும் கனிமங்கள் காலப்போக்கில் களிமண்ணாக மாறிவிட, எளிதில் கரையாத குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. "கடலரிப்பைப் பற்றி நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இலங்கைக் கரையோரத்து மணலில் நிறைய இந்த மலைகளிலிருந்து போனதுதான். 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஹற்றன் பக்கம் பெய்யும் மழையில் ஒரு பங்கு மகாவலிக்கு வரும், இன்னொரு பங்கு மலையின் மறுபுறம் இறங்கிக் களனி கங்கையாகக் கொழும்புக்குப் போகும். சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து இறங்கும் களு கங்கை களுத்துறையில் கடலைச் சேர்கிறது. தண்ணீர் போகும் வழியெல்லாம் மணலும் போகிறது.

கடலுக்குப் போன பிறகும் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. அலைகள் பெரும்பாலும் கரையில் சாய்வாகவே வந்து மோதும். ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது சரிவில் நேராக இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வோர் அலைக்கும் ஒவ்வொரு மணல்மணியும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மேற்குக் கரையில் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தப் பயணம் வடக்கு நோக்கிப் போகும்.

கண்டியில் ஒரு பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது போனாலும் அங்கே கூட்டம் நிற்கும், ஆனால் காலையில் நின்றவர்கள் மாலையில் இல்லை. வருகிற பஸ்களெல்லாம் நின்றுபோய், புறப்படுகிற பஸ்கள் மட்டும் ஓடினால்? கொஞ்ச நேரத்தில் நிலையம் காலியாகிவிடும். கடற்கரையும் அப்படித்தான் தேய்கிறது.

வரவு ஏன் குறைகிறது? ஆற்றிலே கட்டடங்களுக்காக மணல் அள்ளுகிறோம். அணைகளும் கட்டியிருக்கிறோம். பொல்கொல்லை 1976இல் வந்தது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்ததும் ஆற்றின் வேகம் விழுந்துவிடும், கனமான மணல் முதலில் அடியில் தங்கிவிடும். கீழே இருக்கும் ரந்தம்பே நீர்த்தேக்கத்தை உமா ஓயா கொண்டுவந்த மண் எவ்வளவு நிரப்பியிருக்கிறது என்பது பொறியியலாளர்களுக்குப் பெரிய கவலை. மின்சாரமும் விவசாயமும் வேண்டும் என்பதால் அணையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடற்கரைக்குப் போகவேண்டிய மணல் அங்கே நிற்கிறது என்பதும் உண்மை. (மகாவலியின் கதையில் இன்னொன்றும் உண்டு. கொட்டியாரக் குடாவில் கரைக்குப் பக்கத்திலேயே மிக ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அதற்குள் இறங்கிய மணலைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவர எந்த அலையாலும் முடியாது.)

சரி, அரிப்பைத் தடுக்க என்ன செய்யலாம்? முதல் வழி, கருங்கற்களைக் கரையில் அடுக்குவது. கொழும்பிலிருந்து காலி போகும் ரயில் பாதையோரம் இதைப் பார்க்கலாம். தண்டவாளத்தைக் காப்பாற்ற அது தேவை. ஆனால் கற்கள் மணலை உண்டாக்காது. இரண்டாவது வழி, கடலுக்குள் குறுக்கே கல்சுவர் நீட்டுவது. தமிழ்நாட்டில் இதைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். இது மணலைப் பிடித்து வைக்கும், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும்.

வீட்டில் செய்து பாருங்கள். அகலமான தட்டின் ஒரு பக்கத்தில் மணலைச் சரிவாக வைத்து, மறுபக்கத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். அடிமட்டத்தால் தண்ணீரைச் சாய்வாகத் தள்ளி அலை எழுப்புங்கள். பிறகு மணலின் நடுவே ஒரு நீளமான கல்லைத் தண்ணீருக்குள் நீட்டி வைத்து, அதே திசையில் அலையைத் தொடருங்கள். கல்லின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் குழி விழும்.

தட்டில் நடந்தது அம்பாறை மாவட்டத்து ஒலுவிலிலும் நடந்தது. அங்கே 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் அலைத்தடுப்புச் சுவர்களுக்குத் தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டது. வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் கடலில் விழுந்தன. சென்னையில் 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டியபோதும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. ஓர் ஊரின் அகன்ற கடற்கரை அடுத்த ஊரின் இழப்பாக இருக்கக்கூடும்.

மூன்றாவது வழி மணலையே திருப்பிக் கொடுப்பது. களுத்துறையில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கலிடோ கடற்கரை என்ற மெல்லிய மணல் திட்டு இருக்கிறது. 2017 மே மாத வெள்ளத்தை வடியவிட அதை வெட்டினார்கள். பிறகு கடல் அந்த வெட்டைப் பெரிதாக்கியது, உப்புநீர் ஆற்றுக்குள் ஏறியது. 2020இல் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் திட்டத்தில், ஒரு கப்பல் கடலடி மணலை உறிஞ்சி வந்து கலிடோவிலும் கல்கிசைப் பக்கத்திலும் கொட்டியது. கல்கிசையில் கொட்டிய மணல் சில வாரங்களிலேயே கரைந்தது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. கரையிலிருந்து இறங்கும் மணல் முழுவதும் வீணாவதில்லை. ஒரு பகுதி கரைக்கு முன்னால் நீருக்கடியில் மேடாகி அலையின் வேகத்தைக் குறைக்கும். ஆனாலும் தென்மேல் பருவக்காற்று தொடங்கும் வேளையில் மணல் கொட்டியது நல்ல தேர்வாக எனக்குப் படவில்லை.

நெதர்லாந்துக்காரர்கள் 2011இல் இதையே பெரிதாகச் செய்தார்கள். 2.15 கோடி கன மீற்றர் மணலை ஒரே இடத்தில் கடலுக்குள் குவித்து, காற்றும் அலையும் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். வேலையில் பாதியைக் கடலிடமே கொடுத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் மணலை ஒருமுறை கொட்டினால் போதாது, சில வருடங்களுக்கு ஒருமுறை மீண்டும் கொட்டவேண்டும். அதனால்தான் ஆற்று மணலை மிச்சம் பிடிப்பது மலிவான வழி. கருங்கல்லை அரைத்த மணலையும், மழையில் உப்பு கழுவப்பட்ட கடல் மணலையும் கட்டடங்களுக்கு இப்போதே பயன்படுத்துகிறார்கள்.

அடுத்த விடுமுறையில் கொழும்பிலிருந்து மாத்தறை ரயிலில் போனால் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கடலுக்குள் நீளும் கல்சுவர் கண்ணில் பட்டால், எந்தப் பக்கம் மணல் குவிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அங்கே மணல் எந்தத் திசையில் பயணம் போகிறது என்பதை எங்களுக்கு எழுதுங்கள்.