கண் இருட்டும் நாட்கள்

படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் இதைக் கண்டுகொண்டு மூளைத்தண்டுக்குச் சொல்ல, அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியே 'குழாய்களை இறுக்கு' என்று கட்டளை வருகிறது. எல்லா உடலும் அந்தக் கட்டளைக்கு ஒரே மாதிரி கீழ்ப்படிகிறதா?

இல்லை என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கில் மைக்கேல் ஜாய்னரும் நிஷா சார்குடியனும் எம்மா ஹார்ட்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நரம்பில் மெல்லிய டங்ஸ்டன் ஊசியைச் செருகி, பரிவு நரம்பின் துடிப்புகளை நேரடியாகப் பதிவு செய்தார்கள். 1960களில் சுவீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ இருவரும் தங்கள் கைகால்களிலேயே ஊசியைக் குத்திப் பார்த்து உருவாக்கிய முறை இது. அந்தத் துணிச்சல் இல்லையென்றால் இன்று எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

இளைஞர்களிடம் கணக்கு நேராக இருந்தது. யாருக்கு நரம்புத் துடிப்பு அதிகமோ, அவருக்குக் குழாய்களின் இறுக்கமும் அதிகம். இளம்பெண்களிடம் அந்தத் தொடர்பே தென்படவில்லை. நரம்பு முனையிலிருந்து வரும் நார்அட்ரீனலின் ஆல்ஃபா ஏற்பிகளில் பட்டால் குழாய் சுருங்கும். பீட்டா ஏற்பிகளில் பட்டால் விரியும். இளம்பெண்களிடம் விரியும் பக்கம் ஓங்கி நின்று, சுருக்கத்தை ஈடுகட்டிவிடுகிறது. புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்து பீட்டாவை அடைத்ததும், ஆண்களிடம் கண்ட அதே தொடர்பு அவர்களிடமும் வெளிப்பட்டது. மாதவிடாய் நின்றுபோன பெண்களிடமோ மருந்து கொடுக்காமலே அது தெரிந்தது.

சந்தேகம் ஈஸ்ட்ரோஜன் மீது விழுவது இதனால்தான். குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாகச் சுரக்கச் செய்து குழாயைத் தளர்த்துவதும் அதே ஹார்மோன். இளமையில் பெண்ணை உயர் ரத்த அழுத்தத்திலிருந்து காக்கும் இந்தத் தளர்ச்சிக்கு, நெடுநேரம் நிற்கும்போது ஒரு விலை இருக்கிறது: கண் இருட்டும். ஐம்பதைத் தாண்டியபின் கதை திரும்புகிறது: நரம்புத் துடிப்பு ஏறும், ஈடுகட்ட ஆளில்லை, பிரஷரும் ஏறும்.

மாதத்துக்குள்ளேயும் ஏற்ற இறக்கம் உண்டு. எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் அழுத்தம் இறங்காமலே நாடித்துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடும் கோளாறு ஒன்று இருக்கிறது. 'பாட்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் இளம்பெண்களுக்கே வருகிறது. டல்லஸில் சீ ஃபூ குழுவினர் இவர்களை நெடுநேரம் நிற்கவைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் தொடங்கிய நாட்களில்தான் தலைசுற்றல் மிகுதி. கருமுட்டை வெளியேறிய பிந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஒருசேர உயர்ந்திருக்கும். புரோஜெஸ்டிரோன் தனியாக இருந்தால் உப்பைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதைச் சமாளிக்க உடல் ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் கூட்டி, உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. மாதவிடாய் தொடங்கும்போது ஹார்மோன்கள் சரிகின்றன, அந்தப் பிடியும் தளர்கிறது.

இந்தக் கோளாறுக்கு இப்போதைய பெயர் கிடைத்தது 1993இல்தான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பெண்களிடம் 'பயம்தான் காரணம்' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தலைசுற்றினால் நம் வீடுகளில் 'ரத்தம் பத்தல' என்று சொல்வோம். ஹீமோகுளோபின் பார்ப்பது அவசியம்தான். நம் பெண்களிடம் ரத்தசோகை மிக அதிகம். ஆனால் அது சரியாக இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்தக் கூடாது.

நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒருமுறை பிரஷர் பார்த்தால் இது எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடி, நாடித்துடிப்பை மட்டும் 10 நிமிடம் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அது நிற்கும்போது வரும் தாழ்அழுத்தம். இந்த அளவுகளை எழுதும் சீட்டின் ஓரத்தில், கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.